முதலில் பீரோவைத் திறங்கள்



மகள் கல்யாணம், மகனின் மேல்படிப்பு, அப்பாவின் ஆபரேஷன்... வீட்டை விற்கும் முடிவு பெரும்பாலும் இப்படி ஒரு தேவையோடுதான் வருகிறது. தேவைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. வீடு அந்தத் தேதிக்குள் விற்குமா?

சில வருடங்களுக்கு முன் என் பெரியம்மாவின் வீட்டை விற்க முனைந்தோம். முதலில் வந்து பார்த்தவருக்கே பிடித்துப்போனது. அட்வான்ஸ் தரத் தயாராகி, பத்திர நகல்களைக் கேட்டார். பட்டா பெரியப்பா பெயரிலேயே இருந்தது. அவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வாரிசுச் சான்றிதழும் வாங்கியிருக்கவில்லை. அலைந்து திரிந்து எல்லாம் முடிப்பதற்குள் வாங்க வந்தவர் வேறு வீட்டை முடித்துவிட்டார். ஐந்து மாதம் கழித்து, இரண்டு லட்சம் குறைத்து விற்றோம்.

அன்றிலிருந்து, வீடு விற்கப்போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் சொல்வது ஒன்றுதான்: பெயிண்டரைக் கூப்பிடும் முன் பீரோவைத் திறங்கள்.

இன்று பலரும் வங்கிக் கடனில்தான் வீடு வாங்குகிறார்கள். வாங்குபவருக்குப் பிடித்தால் போதுமா? வங்கியின் வக்கீலுக்கும் திருப்தியாக வேண்டுமே! மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, பிளான் அப்ரூவல், வீட்டு வரி ரசீது எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். பழைய வீட்டுக்கடனை அடைத்துவிட்டு, கடன் தீர்ந்த ரசீதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அந்த அடமானம் அதில் அப்படியே நிற்கும்.

பெற்றோர் உயில் எழுதாமல் விட்டுப்போன வீடா? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சம பங்கு உண்டு. ‘சீர் செய்து அனுப்பிவிட்டோமே’ என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. அக்கா, தங்கையோடு முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அடுத்தது விலை. அம்மா வைத்த மாமரம், பிள்ளைகள் தவழ்ந்த கூடம் எல்லாம் சேர்த்துத்தான் நம் மனசு விலை சொல்கிறது. வாங்க வருபவரின் கணக்கு வேறு. மனைக்கு என்ன விலை, கட்டடத்துக்கு எத்தனை வயது என்று பார்ப்பார். அபார்ட்மென்ட் என்றால் யு.டி.எஸ். (மனையில் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு என்று கேட்பார். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதச் செலவும் அவர் தலையில்தான். 60 லட்ச ரூபாய்க்குப் பதிவு செய்தால் அதுவே 5.40 லட்சம்!

“பக்கத்துத் தெருவில் ஒரு கோடி சொல்கிறார்கள்” என்பார்கள். அது சொன்ன விலையா, விற்ற விலையா? சமீபத்தில் விற்ற வீடுகளை விசாரியுங்கள். வங்கிகளுக்கு மதிப்பீடு செய்து தரும் இன்ஜினீயரிடம் கட்டணம் கொடுத்து ஒரு மதிப்பீடு வாங்குங்கள். பேரத்துக்குக் கொஞ்சம் இடம் வைத்து, முதல் நாளே நியாயமான விலையைச் சொல்லுங்கள். எல்லா புரோக்கர்களிடமும் அதே விலைதான். ஆறு மாதம் விற்காமல் கிடக்கும் வீட்டைப் பார்த்து ஊர் என்ன கேட்கும்? ‘ஏதாவது வில்லங்கமோ?’ அதன் பிறகு விலையைக் குறைத்தாலும் சந்தேகம்தான் கூடும்.

பாதியை ரொக்கமாகத் தருகிறேன் என்பவரிடம் ஜாக்கிரதை. வீடு விற்ற பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வீட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். சொட்டும் குழாய், தரையில் உரசும் கதவு, எரியாத பல்பு ஆகியவற்றைச் சரி செய்யுங்கள். ஒட்டடை அடித்து, பரணில் அடுக்கியிருக்கும் பழைய சாமான்களைக் காலி செய்து, ஜன்னல்களைத் திறந்துவைத்துப் பகலில் காட்டுங்கள். அறையே பெரிதாகத் தெரியும்.

பாத்ரூம் வெளிச்சுவரில் ஓதம் இருந்தால் தயவுசெய்து பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். ஒரு மழைக்கே பெயிண்ட் உப்பி உரிந்துவிடும். விரல் பட்டால் பூச்சு மாவாக உதிரும். கசிவை அடைத்துவிடுங்கள், முடியாவிட்டால் சொல்லிவிட்டு விலையில் கழித்துக்கொள்ளுங்கள். இன்னொரு குடும்பம் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கப்போகும் வீடு அது.

ஆடியில் நம்மவர்கள் அதிகம் வீடு வாங்குவதில்லை. காகிதங்களைச் சரி செய்ய அதைவிட நல்ல மாதம் ஏது? ஆவணியில் ஆள் வரும்போது உங்கள் ஃபைல் தயாராக இருக்கும்.

விற்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து, வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்