தேவதூதனின் அடுத்த அத்தியாயம் எப்போது?

2020 நவம்பர் 5. அமெரிக்காவில் ஓட்டு எண்ணிக்கை இழுத்துக்கொண்டே போனது. டிரம்பா, பைடனா என்று உலகமே நெவாடாவையும் பென்சில்வேனியாவையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரவில், 'சூப்பர்நேச்சுரல்' தொலைக்காட்சித் தொடரில் காஸ்டியல் என்ற தேவதூதன், டீன் வின்செஸ்டர் என்ற பேய் வேட்டைக்காரனிடம் தன் காதலைச் சொன்னான். சொன்ன கையோடு இருட்டு அவனை விழுங்கிவிட்டது. அவ்வளவுதான், ரசிகர் உலகம் தலைகீழானது. புதின் பதவி விலகப் போகிறார் என்றொரு வதந்தியும் அதே இரவில் வந்து சேர்ந்துகொள்ள, தேர்தல், புதின், தேவதூதன் மூன்றும் ஒரே செய்தியாகப் பின்னிப்போயின. அன்று முதல் உலகத்தில் பெரிய சேதி எது நடந்தாலும், காஸ்டியல் காதலைச் சொல்லும் அந்தப் படத்தின் மேல் சேதியை எழுதி அனுப்புவது ரசிகர்களிடம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், காஸ்டியல் நிலைத்து நிற்க வந்த பாத்திரமே இல்லை. 2005-இல் தொடங்கிய தொடரில், நான்காம் சீசனின் முதல் எபிசோடில், 2008 செப்டம்பர் 18 அன்று வந்து இறங்கியவன். சில எபிசோடுகளோடு போய்விட வேண்டியவன். நடிகர் மிஷா காலின்ஸை ரசிகர்கள் விடவில்லை. தொடர் முடிந்த 2020 வரை அவன் இருந்தான். அவனுக்கும் டீனுக்கும் காதல் என்று தொடரின் எழுத்தாளர்கள் வாய் திறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ரசிகர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அத்தியாயம் அத்தியாயமாக, வாரக்கணக்கில், மாதக்கணக்கில். அதைப் படித்தவர்கள் அழுதார்கள், சண்டை போட்டார்கள், அடுத்த அத்தியாயத்துக்காகத் தூங்காமல் கிடந்தார்கள்.

இப்படி ரசிகர்கள் எழுதும் கதை, அதாவது ரசிகர் புனைவு, என்றால் 'பொழுதுபோகாத பிள்ளைகள் செய்யும் வேலை' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் கணக்கில் விட்டுப்போகும் ஆள் வாசகர். ரசிகர் புனைவு எழுதுகிறவருக்குக் காசு கிடையாது. பாத்திரங்கள் அடுத்தவருடைய சொத்து, விற்க வழியில்லை. இவ்வகைக் கதைகளின் மிகப் பெரிய கிடங்கான 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' நன்கொடையில் ஓடுகிறது, விளம்பரம் இல்லை, எழுத்தாளர் 'எனக்கு ஒரு காபிக்குக் காசு அனுப்புங்கள்' என்று கேட்பதற்கும் அங்கே அனுமதியில்லை. அப்படியானால் இரண்டு லட்சம் சொற்களில் ஒரு தேவதூதனின் காதலை எழுதுகிறவருக்கு என்னதான் கூலி? படித்தவர் சொல்லும் வார்த்தைதான். வேறொன்றும் இல்லை.

அந்தக் கிடங்கின் ஒரு சின்ன அமைப்பைக் கிட்டத்தில் பார்த்தால் இது புரியும். கதை பிடித்திருந்தால் அழுத்துவதற்கு 'குடோஸ்' என்று ஒரு பொத்தான் உண்டு. ஒரு வாசகர் ஒரு கதைக்கு ஒருமுறைதான் அழுத்தலாம். முப்பது அத்தியாயத் தொடராக இருந்தாலும் ஒருமுறைதான். இரண்டாம் அத்தியாயம் பிரமாதமாக இருந்து மறுபடி அழுத்தினால், ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்று சிரித்த முகத்தோடு மறுத்துவிடும். ஆக, மனம் நிறைந்த வாசகருக்கு வேறு வழியில்லை, வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். 'பஸ்ஸில் படித்து அழுதுவிட்டேன், பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் கொடுத்தார்' என்ற வகைக் குறிப்புகள் அப்படித்தான் பிறக்கின்றன. சிலர் விசைப்பலகையில் கை போன போக்கில் தட்டிய எழுத்துக் குவியலை அனுப்புகிறார்கள். சொல் கிடைக்காத அளவுக்குத் திணறிவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். சிலர் வரிவரியாக எடுத்துவைத்து, நாலாம் அத்தியாயத்தில் தேவதூதன் கைக்குட்டையை மடித்த விதத்துக்கும் பதினோராம் அத்தியாயத்தில் அவன் கதவைச் சாத்தாமல் போனதற்கும் முடிச்சுப் போடுகிறார்கள். எழுதியவருக்கே தோன்றாத முடிச்சு அது. ஓசையில்லாமல் அதை எடுத்துக்கொண்டு பதினைந்தாம் அத்தியாயத்தில் அவிழ்ப்பதும் நடக்கும்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமே இல்லை. இணையத்தில் தமிழ்க் காதல் தொடர்கள் எழுதும் பெண்களுக்கு வரும் 'யூடி எப்போ சிஸ்?' (யூடி என்றால் அடுத்த பகுதி) என்ற ஒற்றைக் கேள்வியில் இத்தனையும் அடக்கம். வார இதழில் வந்த தொடரைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, மாடிவீட்டுக்கும் கோடிவீட்டுக்கும் இரவல் கொடுத்த தலைமுறை நம்மிடம் இருந்தது. ஆங்கில ரசிகர்களில் ஒரு கூட்டம் இப்போது அதையே செய்கிறது. திரையில் படித்த ரசிகர் புனைவை அச்செடுத்து, நூலால் தைத்து, துணி அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்துப் பதித்து அலமாரியில் வைக்கிறார்கள்.

தேவதூதர்கள் ஏன் இந்தப் பாடு படுத்துகிறார்கள் என்பது தனிக் கதை. மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' 1667-இல் வந்தது. அதன் எட்டாம் பகுதியில் ஆதாம், தன்னிடம் பேச வந்த ரபேல் என்ற தேவதூதனிடம், 'உங்களுக்குள்ளும் காதல் உண்டா?' என்று நேராகவே கேட்டுவிடுகிறான். ரபேலின் முகம் சிவந்துபோகிறது. வெட்கப்படும் தேவதூதன்! உண்டு என்று ஒப்புக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் நேரமாகிவிட்டது என்று கிளம்பியும் விடுகிறான். அதற்கும் வெகுகாலம் முன்பே, ஏனோக்கின் நூல் என்று வழங்கும் பழைய யூத நூலில், இருநூறு தேவதூதர்கள் எர்மோன் மலையில் இறங்கி மண்ணுலகப் பெண்களை மணந்துகொள்கிறார்கள்.

அயர்லாந்துக் கவி தாமஸ் மூர் இந்தப் பழங்கதையை எடுத்துக்கொண்டு மூன்று தேவதூதர்களின் காதலைக் காவியமாக்கினார். மதவாதிகள் பிடித்துக்கொண்டார்கள். மூர் என்ன செய்தார் தெரியுமா? 1823-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கிறிஸ்தவ தேவதூதர்களை இஸ்லாமிய தேவதூதர்களாக மாற்றிவிட்டார்! ஊர்ப்பேரை மாற்றிப் படத்தை ரிலீஸ் செய்யும் நம் தயாரிப்பாளர்கள் அவரிடம் பாடம் படித்திருக்கலாம்.

ஆசை கூடாதவன் ஆசைப்படுகிறான் என்பதில் இருக்கிறது இதன் சுவை. மனிதர்களின் காதலுக்கு ஜாதியும் பணமும் அப்பாவும் தடை. தேவதூதனுக்கோ அவனுடைய இயல்பே தடை. டெர்ரி பிராட்செட்டும் நீல் கெய்மனும் சேர்ந்து எழுதி 1990-இல் வந்த 'குட் ஓமன்ஸ்' நாவலில் அஸிராஃபேல் என்ற தேவதூதனும் க்ரௌலி என்ற சாத்தானின் ஆளும் ஆறாயிரம் ஆண்டுகளாக எதிரெதிர் அணியில் வேலை பார்க்கிறார்கள். தேவதூதன் லண்டன் சோஹோவில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறான். புத்தகத்தை விற்க மட்டும் அவனுக்கு மனம் வராது. நாவலில் அது நட்பு. 2019-இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, மூன்றாம் எபிசோடின் முதல் அரை மணி நேரம் முழுக்க, நோவா காலம் தொடங்கி 1960-கள் வரை அந்த இருவரும் மறுபடி மறுபடி சந்தித்துக்கொள்வதைக் காட்டினார்கள். ரசிகர்களுக்கு வேறென்ன வேண்டும்? காட்டப்பட்ட ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் நடுவில் காட்டப்படாத நூறு மாலைப்பொழுதுகள் இருக்கின்றனவே. எழுதித் தள்ளினார்கள்.

அந்தத் தொடரைத் தடை செய்யச் சொல்லி அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவ அமைப்பு இருபதாயிரத்துக்கும் மேலான கையெழுத்துகளைத் திரட்டியது. மனுவை நெட்ஃபிளிக்ஸுக்கு எழுதியிருந்தார்கள். தொடர் ஓடியது அமேசானில். எதிர்த்தவர்கள் தொடரைப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. இனிமேல் எடுக்க மாட்டோம் என்று நெட்ஃபிளிக்ஸும் கேலியாக வாக்குக் கொடுத்தது.

வாசகர் உற்சாகம் இணையம் பெற்ற பிள்ளை என்று நினைப்பவர்கள் 1748-க்குப் போக வேண்டும். சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'கிளாரிஸா' நாவல் லண்டனில் தவணை தவணையாக வெளிவந்துகொண்டிருந்தது. கதாநாயகி சாகப்போகிறாள் என்று ஊருக்குள் பேச்சு. லங்காஷையரிலிருந்து லேடி பிராட்ஷா என்ற சீமாட்டி பொய்ப்பெயரில் ரிச்சர்ட்சனுக்குக் கடிதம் எழுதினார். அவளைச் சாகடிக்காதீர்கள் என்று கெஞ்சினார், மிரட்டவும் செய்தார். ரிச்சர்ட்சன் மசியவில்லை. கடைசித் தொகுதிகளைப் படித்தபோது புத்தகத்தை வீசி எறிந்ததையும், அறைக்குள் நடந்து நடந்து அழுததையும், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்ததையும் அந்த அம்மாள் அவருக்கே எழுதினார். அவருடைய சகோதரி லேடி எக்லின் இன்னும் ஒரு படி மேலே போய், கிளாரிஸாவுக்கு வேறொரு முடிவைத் தானே எழுதிவிட்டார். அது அச்சில் வந்தது 1982-இல்தான். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பெட்டியில் தூங்கிய ரசிகர் புனைவு.

நம் ஊரிலும் இதுதான் கதை. 'பொன்னியின் செல்வன்' 'கல்கி' இதழில் மூன்றரை ஆண்டு ஓடி 1954-இல் முடிந்தபோது, திடீரென்று நிறுத்திவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, யார் யாருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதிலும் ஆறாதவர்களுக்கு விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' வந்தது. வந்தியத்தேவனையும் குந்தவையையும் கல்கியிடமிருந்து வாங்கி வேறொருவர் தொடர்ந்த கதை அது. நாம் அதைச் சரித்திர நாவல் என்று மரியாதையாக அழைக்கிறோம். ஓர் இளம்பெண் தேவதூதனை வைத்து அதையே செய்தால் மட்டும் சிரிப்பு வருகிறது. படிப்பவரும் எழுதுபவரும் பெரும்பாலும் பெண்கள் என்பதைத் தவிர இந்தச் சிரிப்புக்கு வேறு காரணம் தெரியவில்லை. உலக அறிவியல் புனைவு மாநாடு இந்தச் சிரிப்பைச் சட்டை செய்யவில்லை. 2019-இல் டப்ளினில் 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' கிடங்குக்கே ஹியூகோ விருது கொடுத்தது. அப்போது அதில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் படைப்புகள். விருதில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு எனக்கு என்று எழுதியவர்கள் ஒவ்வொருவரும் கொண்டாடிக்கொண்டார்கள்.

உற்சாகத்துக்கு ஒரு கசந்த பக்கமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பாராட்டு மெல்ல மெல்ல வசூலாக மாறும். 'அடுத்தது எப்போது?' என்பது முதல் மாதம் இனிக்கும். ஆறாம் மாதம் கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல இருக்கும். அத்தியாயத்தின் தலையில் எழுத்தாளர்கள் போடும் குறிப்புகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பரீட்சை இருந்தது, மன்னியுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தேன், மன்னியுங்கள். சம்பளமில்லாத வேலைக்கு லீவு லெட்டர்! இருபதாம் அத்தியாயத்தோடு நின்றுபோன தொடர்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் சிலவற்றையாவது இந்த நச்சரிப்பு கொன்றிருக்கும்.

ஆனாலும், மூலக் கதையே கைவிடும்போது வாசகருக்குத் துணை நிற்பது இந்தக் கூட்டம்தான். காஸ்டியல் காதலைச் சொல்லிச் செத்த இரண்டு வாரத்தில் 'சூப்பர்நேச்சுரல்' முடிந்தது. கடைசி எபிசோடில் காஸ்டியலைக் கண்ணிலேயே காட்டவில்லை. டீன் ஓர் இரும்புக் கம்பி குத்திச் செத்தான். லத்தீன் அமெரிக்க ஸ்பானிய டப்பிங்கில் டீனும் பதிலுக்குக் காதலைச் சொல்வதாக ஒரு வரி மாறியிருப்பது தெரிந்ததும், அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. டீனைப் பிழைக்க வைத்து, காஸ்டியலைத் திரும்ப வரவழைத்து எழுதிய தொடர்கள் அந்த நவம்பரிலேயே வரத் தொடங்கிவிட்டன.

'குட் ஓமன்ஸ்' வாசகர்களின் நிலை இன்னும் சிக்கல். 2023 ஜூலையில் வந்த இரண்டாம் சீசன் ஒரு முத்தத்திலும் பிரிவிலும் முடிந்தது. அடுத்த ஆண்டு கெய்மன்மீது பல பெண்கள் பாலியல் புகார்களைச் சொன்னார்கள், அவர் மறுத்தார். மூன்றாம் சீசன் தொண்ணூறு நிமிட ஒற்றை எபிசோடாகச் சுருங்கியது. பிராட்செட் 2015-இலேயே காலமாகிவிட்டார். எழுதியவர்மேல் இருந்த பிரியம் போனபின் அந்தப் புத்தகக் கடையை என்ன செய்வது? பலர் கதையைவிட்டே விலகினார்கள். அதிலும் தப்பில்லை. மற்றவர்கள், தேவதூதனும் அவனுடைய கடையும் எங்களுடையவை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். கூலி வாங்காமல் எழுதியவர்களுக்கும் கூலியாக வார்த்தையைக் கொடுத்தவர்களுக்கும் அந்த உரிமை கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

தேவதூதர் கதையோ, பக்கத்துத் தெருக் காதல் கதையோ, யாரோ ஒருவர் காசில்லாமல் எழுதும் தொடரை நேற்று இரவு ஒரு மணி வரை படித்துவிட்டு, சத்தமில்லாமல் போனை அணைத்துத் தூங்கியவர் நீங்கள் என்றால், இன்று திரும்பிப் போய் இரண்டு வரி எழுதிவிடுங்கள். எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள். அடுத்தது எப்போது என்று மட்டும் கேட்க வேண்டாம்.