வாத்தியாரா, ஆள் எடுப்பவரா?

விமானப்படையில் சில வருடம் சர்வீஸ் போட்ட ஒருவர், பயிற்சி கொடுக்கப் போகலாமா, ஆள் எடுக்கப் போகலாமா? (நம் நாட்டில் போஸ்டிங் போடுவதுதான் சட்டம். இருந்தாலும் விருப்பம் என்று ஒன்று இருக்குமே.) முக்கால்வாசிப் பேர் வாத்தியார் வேலைதான் கௌரவம் என்பார்கள். விமானிகளையே வாத்தியார்களாக்கும் பள்ளி 1954-லிருந்து தாம்பரத்தில் நடக்கிறது. அதற்குத் தனி மரியாதை. அதே தாம்பரத்தில் உள்ள ஆள் தேர்வு மையத்தைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

என் ஓட்டு தேர்வு மையத்துக்கே.

அமெரிக்காவில் ஆள் சேர்ப்பவர் கிட்டத்தட்ட சேல்ஸ்மேன். 2023-ல், 1999-க்குப் பிறகு முதல் முறையாக, அவர்கள் விமானப்படையே இலக்கை எட்டவில்லை. இங்கே தலைகீழ். 2022-ல் அக்னிவீர் முதல் பேட்ச்சுக்கு ஏழரை லட்சம் விண்ணப்பம்! கூவி விற்க வேண்டியதில்லை. அப்புறம் எதற்கு அங்கே நல்ல ஆள்?

உண்மையைச் சொல்ல. எங்கள் செஞ்சிப் பக்கம் ப்ளஸ் டூ காமர்ஸ் குரூப் பையன், மேத்ஸ், பிசிக்ஸ் இல்லாமல் விமானப்படையா என்று விண்ணப்பமே போடுவதில்லை. மொத்தத்திலும் ஆங்கிலத்திலும் 50 சதவீதம் இருந்தால் எந்த குரூப்பும் போடலாம். போடுகிறவனுக்கோ, நாலு வருடம் கழித்து நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம் என்பது மண்டையில் ஏறியிருக்காது. யூனிஃபார்மில் ஒருவர் வந்து சொன்னால் அவன் அப்பாவும் உட்கார்ந்து கேட்பார்.

வாத்தியாரிடம் வருகிறவன் ஏற்கெனவே உள்ளே போய்விட்டவன். பிரமோஷன் கணக்குப் பார்த்து அந்தப் பக்கம் போகிறவர்களைக் குறை சொல்லவில்லை (நானும் பி.காம் தானே :-) ). ஆனால் வயசு வரம்பு தாண்டின பிறகு விஷயம் தெரிந்துகொள்கிற பையன்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.