பியூரெட் ரீடிங்கை மாத்தி எழுதச் சொல்லிக் கொடுத்தது யார்?

ஒரு டாக்டருக்கு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சிலபஸ்ல என்ன வேலைன்னு கேப்பீங்க. நான் எழுதிக் கொடுக்குற சிரப்புக்குள்ள நிஜமா என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. லேபிள் மட்டும்தான் தெரியும். அந்த லேபிள் சரின்னு டெஸ்ட் பண்ணிச் சொல்றவர் பெரும்பாலும் கெமிஸ்ட்ரியோ பார்மசியோ படிச்சவர். அவர் காலேஜ்ல என்ன கத்துக்கிட்டார்ங்கிறது என்கிட்ட வர்ற குழந்தையோட கிட்னி சம்பந்தப்பட்ட விஷயம்.

2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பகுதியில 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தது ஞாபகம் இருக்கா? கோல்ட்ரிஃப் இருமல் சிரப். தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதிச்சப்ப அந்த பேட்ச்ல டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்துச்சு. அனுமதி 0.1 சதவீதம். இதைக் கலப்படம்னு சொல்லவே நாக்கு கூசுது. பாதி பாட்டில் விஷம்.

இந்தப் பொருள் பார்க்க கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் மாதிரியே இருக்கும். நிறம் கிடையாது, கெட்டியா இருக்கும், இனிக்கும். விலையும் கம்மி. உடம்புக்குள்ள போய் டைகிளைக்காலிக் ஆசிடா மாறி சிறுநீரகக் குழாய்களோட செல்களைக் கொல்லும். முதல்ல வாந்தி, அப்புறம் யூரின் நின்னுடும். புதுசும் இல்லை. 1937ல அமெரிக்காவுல 100 பேருக்கு மேல, 1986ல மும்பையில ஒரு ஆஸ்பத்திரியில 14 பேர், 2022ல காம்பியாவுல சுமார் 70 குழந்தைகள். எல்லாம் இதே விஷம்தான்.

முதல் பொறுப்பு கம்பெனி முதலாளிக்கு, அடுத்தது கண்காணிக்க வேண்டிய அரசுத் துறைகளுக்கு. சிலபஸ் மேல பழியைப் போட்டு அவங்களைத் தப்பிக்க விடுற எண்ணம் எனக்கு இல்லை. ஆனா பேட்ச் வெளிய போறதுக்கு முன்னாடி கடைசியா "நிறுத்துங்க"ன்னு சொல்லக்கூடிய ஆள் லேப்லதான் இருக்கார். அவரை மூணு வருஷம் நாம எப்படிப் பழக்குறோம்?

டைட்ரேஷன் பிராக்டிகல் எக்ஸாம் எப்படி நடக்கும்னு கெமிஸ்ட்ரி படிச்ச யாரையாவது கேட்டுப் பாருங்க. சரியான விடை எக்ஸாமினர் கையில இருக்கும். உங்க விடை அதுல இருந்து ஒரு சதவீதம் தள்ளிப்போனா இவ்வளவு மார்க், ரெண்டு சதவீதம்னா இவ்வளவுன்னு குறையும். அப்ப புத்திசாலிப் பையன் என்ன பண்ணுவான்? விடையை எப்படியாவது தெரிஞ்சுக்குவான், பின்னாடியிருந்து கணக்குப் போட்டு பியூரெட் ரீடிங்கை எழுதுவான். மூணு தடவையும் அச்சு அசலா ஒரே ரீடிங்! பியூரெட்டைத் தொடாதவனுக்கு ஃபுல் மார்க், உண்மையான ரீடிங்கை எழுதின பொண்ணுக்கு பாதி மார்க். சால்ட் அனாலிசிஸும் அப்படித்தான். சால்ட் பேர் முதல்ல காதுக்கு வந்துடும், "வெண்ணிற வீழ்படிவு உண்டாகிறது" அப்புறம்தான் பேப்பருக்கு வரும்.

வரவேண்டிய விடைக்கு ரீடிங்கை வளைக்கிறதை மூணு வருஷம் மார்க் போட்டுப் பழக்கிட்டு, அதே ஆளை மருந்துக் கம்பெனி லேப்ல உட்கார வெச்சு, சப்ளையர் சர்டிபிகேட்டை மட்டும் சந்தேகப்படுன்னா எப்படிப்படுவார்?

எங்க வேலையில பொட்டாசியம் 6.8ன்னு ரிப்போர்ட் வந்தா ரத்தம் எடுக்கும்போது செல் உடைஞ்சிருக்கான்னு பார்ப்போம், ஈசிஜி எடுப்போம், திரும்ப அனுப்புவோம். ஒருநாளும் "நார்மலா இருக்கணுமே"ன்னு 4.8 ஆக்க மாட்டோம். ஆக்கினா ஆள் போயிடுவார்.

நான் கேக்குறது பெரிய புரட்சி இல்லை. விடை எக்ஸாமினருக்கே தெரியாத சாம்பிள் கொடுங்க. அஞ்சு தடவை அளக்கச் சொல்லுங்க. சராசரியோட, எவ்வளவு முன்னப்பின்ன இருக்கலாம்னும் எழுதச் சொல்லுங்க. அடிச்சுத் திருத்தின ரஃப் நோட்டுக்கு மார்க் கொடுங்க, அழகா காப்பி அடிச்ச ரெக்கார்டுக்கு வேண்டாம். "இந்த ரீடிங்கை வெச்சு முடிவு சொல்ல முடியாது"ங்கிறதும் சரியான விடைன்னு ஏத்துக்கோங்க. சால்ட் அனாலிசிஸை அடியோட தூக்கச் சொல்லல. கரைதிறன் பெருக்கம் மண்டையில ஏற அது நல்ல வழி, ஒரு மாசம் போதும்.

"ஜிசி மெஷின் லட்சக்கணக்குல ஆகும் டாக்டர், எங்க லேப்ல குழாயில தண்ணியே வராது"ன்னு பேராசிரியர்கள் சொல்வாங்க. உண்மைதான். பல இடத்துல கௌரவ விரிவுரையாளர் சம்பளத்துல ஒருத்தர் முழு கிளாஸையும் மேய்க்கிறார். ஆனா சிரப்ல டைஎத்திலீன் கிளைக்கால் இருக்கான்னு முதல்கட்டமா பார்க்க உலக சுகாதார நிறுவனம் சொல்ற முறை டிஎல்சி. ஒரு பிளேட், கொஞ்சம் கரைப்பான், ஒரு மூடி போட்ட ஜாடி. உறுதிப்படுத்தத்தான் ஜிசி வேணும். டிஎல்சி ஏற்கெனவே நம்ம சிலபஸ்ல இருக்கு, பேனா மையையோ இலைச்சாறையோ பிரிச்சுப் பார்க்கிறதோட சரி. அதே பிளேட்ல ஒரு இருமல் சிரப்பை வைக்க என்ன தடை? அப்புறம், மார்க் போடுற முறையை மாத்த ஒரு ரூபாகூட ஆகாதே.

2025 ஆகஸ்ட்ல யூஜிசி வெளியிட்ட கெமிஸ்ட்ரி வரைவுப் பாடத்திட்டம் சரஸ்வதி வணக்கத்தோட ஆரம்பிக்குதுன்னு பெரிய சண்டை நடந்துச்சு. நடக்கட்டும், அதுவும் பேச வேண்டியதுதான். ஆனா பிராக்டிகலுக்கு எப்படி மார்க் போடப்போறீங்கன்னு கேட்டு ஒரு டிவி விவாதம்கூட நான் பார்க்கல.

போர்ட் ஆஃப் ஸ்டடீஸ்ல இருக்குற பேராசிரியர்கள் யாராவது இதைப் படிச்சா, அடுத்த மீட்டிங்ல அந்தப் பிழை சதவீத மார்க் பட்டியலை மட்டுமாவது விவாதத்துக்கு எடுங்க.