சொல்லுரிமையின் எல்லை

சென்ற திங்கள் அன்பர் ஒருவர் நம் இதழுக்குக் கடிதம் விடுத்திருந்தார். நம்மவர் மிகுதியாக வாழும் தெருக்களுக்குக் குடிநீர் ஒழுங்காக வருவதில்லை என்பதும், பன்முறை முறையிட்டும் அதிகாரிகள் செவிசாய்க்கவில்லை என்பதும் அதன் பொருள். மனுக் கொடுத்த நாட்களையும் குறித்திருந்தார். இவை யாவும் அச்சேறுதற்கு உரியவையே. ஆயின், இறுதிப் பத்தியில் அவர்தம் சினம் அதிகாரிகளை விட்டு இவ்வூர் மக்கள் மேல் தாவிவிட்டது. அவர்கள் பிறவியிலேயே வஞ்சகர் என்றும், அவர்தம் கடைகளில் நம்மவர் எவரும் பொருள் வாங்கலாகாது என்றும் எழுதியிருந்தார். அப்பத்தியை நீக்கி ஏனையவற்றை வெளியிட இசைவு வேண்டினோம். "பேச்சுரிமை நமக்கில்லையா?" என்று அவர் வினவினார். நேரிய வினா. அதற்கு விடை கூறுதல் நம் கடமை.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு குடிமக்கள் அனைவர்க்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் வழங்குகின்றது. அப்பிரிவே பொது அமைதி, குற்றம் புரியத் தூண்டுதல் முதலிய சில காரணங்களுக்காக நியாயமான தடைகளை விதிக்கவும் இடந்தருகின்றது. அத்தடை எப்போது நியாயமாகும் என்பதே சிக்கல்.

தமிழ்த் திரைப்படம் ஒன்றே இச்சிக்கலுக்கு ஒரு தெளிவு தந்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் படம் இடஒதுக்கீட்டு முறையைக் குறைகூறுகிறது என எதிர்ப்பு எழுந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றிதழை நீக்கியது. 1989இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. வெடிமருந்தில் விழும் பொறிபோலப் பேச்சுக்கும் கேட்டுக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தாலன்றித் தடுத்தல் கூடாது என்றும், கலகம் செய்வோம் என மிரட்டுவோர்க்கு அஞ்சி அரசு ஒருவர் வாயை அடைத்தலாகாது என்றும் கூறியது. 2015இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை நீக்கிய தீர்ப்பும், விவாதித்தல், வலியுறுத்தல், தூண்டுதல் என மூன்றைப் பிரித்து, மூன்றாவதை எட்டும்போதே தடைக்கு இடமுண்டு என்றது. ஆகவே, பிறர்க்குக் கசப்பாயிருத்தல் ஒன்றே ஒரு சொல்லைக் குற்றமாக்கிவிடாது. அங்ஙனம் ஆக்கினால் எளியோரின் முறையீடே முதலில் நசுக்கப்படும்.

எனினும், பேச்சு எங்ஙனம் பொறியாகின்றது என்பதைப் புலம்பெயர்ந்து வாழும் நம்மினும் நன்கறிந்தவர் யார்? 1960இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற 'மார்மிக்' என்னும் வார இதழ், அந்நகர நிறுவனங்களில் பணிபுரிந்த தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியலாக வெளியிட்டு வந்தது. பெயரும் பதவியும் மெய்யாகவே இருக்கலாம். ஆயினும், அப்பட்டியலில் இருந்தோர் செய்த குற்றம் யாது? பிறந்த ஊர் ஒன்றே. பின்னர்த் தென்னிந்தியரின் உணவு விடுதிகள் தாக்கப்பட்டபோது, அந்தப் பட்டியலில் தம் பெயர் இல்லாதாரும் அஞ்சிக் கதவடைத்தனர். மெய்யைக் கொண்டும் பகை வளர்க்கலாம் என்பதற்கு இது சான்று.

பொய்யைக் கொண்டு வளர்க்கும் பகைக்குச் சான்று நம் தாயகத்திலேயே நிகழ்ந்தது. 2023 மார்ச்சுத் திங்களில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று காணொளிகள் பரவின. வேறு நிகழ்ச்சிகளின் படங்களே அங்ஙனம் திரித்துக் காட்டப்பட்டன. தமிழகக் காவல்துறை அவை பொய் என மறுத்தது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழுவும் நேரில் வந்து தொழிலாளரைக் கண்டு பேசியது. அதற்குள் எத்தனை தாய்மார் தம் மக்களை எண்ணிக் கலங்கினரோ! பம்பாயில் நம்மவர் பட்ட அச்சமே அங்கு அவர்களைப் பற்றியது.

இனி, அன்பரின் வினாவுக்கு வருவோம். அவரது பத்தி சட்டப்படி குற்றமாகும் என்று நாம் கூறவில்லை. அதனைத் துணிதல் நீதிமன்றத்தின் பணி. ஆனால், சட்டம் தண்டியாதவை அனைத்தும் அச்சேறத் தக்கவை ஆகா. பழி ஒருவர் செயலின்மேல் நின்றால் அவர் மறுமொழி கூறலாம், திருந்தலாம், பதவியையும் இழக்கலாம். பிறப்பின்மேல் நின்றால் அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. குழாய்நீரை நிறுத்திய அதிகாரிக்கும், நாள்தோறும் நமக்குக் காய்கறி நிறுத்துத் தரும் கடைக்காரருக்கும் தொடர்பு யாது? அவரைப் பகைத்தபின், தண்ணீருக்காக நம்மோடு சேர்ந்து குரல் கொடுக்க இத்தெருவில் யார் வருவர்?

இக்கடமை இதழாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஓர் இதழ் நடத்துபவரே. யாரோ அனுப்பிய காணொளியைப் பிறர்க்கு அனுப்புமுன், அஃது எங்கே, எப்போது நிகழ்ந்தது என உசாவுதல் வேண்டும்; 'அந்த மக்கள்' என்னுமிடத்தில் 'தமிழர்' எனப் பொருத்திப் படித்துப் பார்த்தலும் நலம். நெஞ்சு துணுக்குறுமாயின் விரல் அங்கேயே நிற்கட்டும்.

அன்பர் இசைவு தந்துவிட்டார். அவர் கடிதம் இவ்விதழில் இறுதிப் பத்தியின்றி வெளிவருகின்றது. அதிகாரிகள் மீதுள்ள குறைகளில் ஓர் எழுத்தையும் நாம் குறைக்கவில்லை. தண்ணீர் வரும்வரை அவர் மேலும் கடுமையாக எழுதட்டும். அதற்கு நம் பக்கங்கள் என்றும் திறந்திருக்கும்.