கனடாவில் பிறீசரில் காயும் கஞ்சாவும் எமது நீதிமன்றக் களஞ்சியத்தில் பழுதாகும் கஞ்சாவும்

கடந்த ஒக்டோபரில் ஸ்காபரோவில் வசிக்கும் நண்பர் ஒருவர் காணொளி அழைப்பில் தனது வீட்டுப் பிறீசரைத் திறந்து காட்டினார். ஊரிலிருந்து போன முருங்கைக்காய்ப் பொதி, விளைமீன், அதன் கீழ்த் தட்டில் மண்ணிறக் கடதாசிப் பைகள் இரண்டு. பைக்குள் இருந்தது அவர் வீட்டுப் பின்வளவில் வளர்த்த கஞ்சாச் செடியின் பூக்கள். "மச்சான், இதே பையோட ஊரில நிண்டா எனக்கு எத்தினை வருசம்?" என்று சிரித்தார். அதே வாரம் வடமராட்சிக் கரையோரத்தில் கேரளக் கஞ்சாப் பொதிகள் மீட்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அப்படியான செய்தி வராத வாரம்தான் எமக்கு அபூர்வம்.

நண்பர் செய்வது குற்றமல்ல. கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் வயது வந்தோர் வீட்டுக்கு 4 செடிகள் வரை வளர்க்கலாம். கியூபெக் மாகாணம் வீட்டுப் பயிர்ச்செய்கையைத் தடை செய்தது. அந்தத் தடை செல்லும் என்று கனடிய உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தது. ஒன்ராறியோவில் அந்தச் சிக்கல் இல்லை. அவருடைய சிக்கல் வேறு: அறுத்த பூவை எப்படிக் காய வைப்பது?

இதைப் புரிந்துகொள்ள எமது ஊர்க்காரருக்கு விளக்கவுரை தேவையில்லை. கருவாடு போடுபவர்களுக்குத் தெரியும், வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் புழு வைக்கும். புகையிலைச் செய்கையாளருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தோட்டத்தில் நிற்கும் இலை பாதிப் பணம்தான். மீதிப் பணம் பாடம் செய்வதில் இருக்கிறது. கஞ்சாவும் அப்படியே. அவசரப்பட்டு வெயிலில் போட்டால் மணம் தரும் எண்ணெய்கள் பறந்துவிடும். காற்றோட்டமற்ற மூலையில் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஒன்ராறியோவின் இலையுதிர்காலமோ குளிரும் ஈரமும் நிறைந்தது, அடுக்குமாடிகளில் மணம் அயலவரின் முறைப்பாடாக மாறும். அதனால்தான் சிலர் குளிர்சாதனப் பெட்டியையும் பிறீசரையும் நாடுகிறார்கள்.

உறைபனி தானாகக் கரையும் வகைப் பிறீசருக்குள் காற்று மிகவும் வறண்டது. மூடாமல் வைத்த இறைச்சியின் ஓரம் வெளிறிக் காய்ந்து போவதைச் சமைப்பவர்கள் எல்லோரும் கண்டிருப்பர். பனிக்கட்டி நீராகாமலேயே ஆவியாகப் போய்விடுகிறது. தொழிற்சாலைகள் இதையே வெற்றிட இயந்திரங்களில் ஒரு சில நாட்களில் செய்து முடிக்கின்றன. வீட்டுப் பிறீசரில் வெற்றிடம் இல்லாதபடியால் வேலை ஆமை வேகத்தில் நடக்கும். உறைந்த பூவின் பிசின் சுரப்பிகள் கண்ணாடிபோல் நொறுங்கி உதிரும். வெளியே எடுத்ததும் வியர்த்து ஈரம் ஏறினால் பட்ட பாடெல்லாம் வீண். நண்பரே ஒருமுறை ஒரு பை முழுவதையும் பூஞ்சணத்துக்குப் பறிகொடுத்தவர். அந்தப் பூஞ்சணத்தைச் சுவாசிப்பது, அதிலும் நோயெதிர்ப்புக் குறைந்த ஒருவர் சுவாசிப்பது, வேடிக்கையான விடயமல்ல.

பிறீசர் நல்ல முறையா என்பது எமக்கு முக்கியமில்லை. அங்கே சட்டம் உலர்த்தலை எப்படிப் பார்க்கிறது என்பதே எம்மைச் சிந்திக்க வைக்கிறது. கனடியச் சட்டத்தில் ஒருவர் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடிய அளவு 30 கிராம் உலர்ந்த கஞ்சா. பச்சைப் பூ என்றால் 5 கிராம், 1 கிராம் உலர்ந்ததற்குச் சமமாகக் கணக்கிடப்படும். 2024 ஏப்ரல் முதல் 3 செடிகளுக்கு அனுமதி கொடுத்த ஜேர்மனியும் வீட்டில் வைத்திருக்கக்கூடிய 50 கிராமை உலர்ந்த நிறையாகவே சொல்கிறது. செடியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதையும் அது ஒரு வீட்டில் காய வேண்டும் என்பதையும் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

இதைச் சொர்க்கமாகக் காட்டுவது நேர்மையல்ல. சட்டபூர்வமாக்கலின் பின், கஞ்சா கலந்த இனிப்புகளைத் தெரியாமல் உண்ட சிறுபிள்ளைகள் கனடிய வைத்தியசாலைகளுக்கு வருவது அதிகரித்தது. இளவயதில் கடும் வீரியமுள்ள கஞ்சாவைத் தொடர்ந்து பாவிப்பவர்களுக்கு மனப்பிறழ்வு நோய் வரும் ஆபத்துக் கூடுகிறது. யுத்தத்தின் மன வடுக்களோடு வளர்ந்த எமது பிள்ளைகளின் விடயத்தில் இதை இரட்டிப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாளை காலை 4 செடி நடலாம் என்று யாரும் சொன்னால் நான் அதற்கு ஆதரவில்லை.

ஆனால் எமது பக்கத்தில் என்ன நடக்கிறது? கேரளக் கஞ்சா என்று நாம் அழைப்பதில் பெரும்பங்கு கேரளாவில் விளைவதில்லை. ஆந்திரா – ஒடிசா எல்லை மலைகளே இந்தியாவின் பெரிய கஞ்சா விளைநிலம். அங்கே காய வைத்து, இறுக்கிப் பொதியாக்கி, தண்ணீர் புகாத உறையிட்டு, தமிழகக் கரையிலிருந்து படகேற்றுகிறார்கள். காய்ந்து நிறை குறைந்தால்தான் இந்த வியாபாரமே சாத்தியம். எங்கே காய்ந்தது, என்ன தெளிக்கப்பட்டது, எத்தனை நாள் உப்புத் தண்ணீரில் மிதந்தது என்று கேட்க எவரும் இல்லை. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் புகையிலை பாய்மரக் கப்பலேறித் திருவிதாங்கூருக்குப் போனது. இன்று அதே கடலில் வருவதற்குக் கேரளாவின் பெயர்.

பிடிபடுவது யார்? படகோட்டிய மீனவர், பொதியைப் பற்றைக்குள் மறைத்து வைத்த இளைஞர், மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனவர். கடன்பட்ட வீடுகள், உழைக்கும் ஆண் துணையை யுத்தத்தில் இழந்த வீடுகள். பணம் போட்ட முதலாளியின் பெயர் செய்திகளில் வருவது அரிது. தெருவுக்குத் தெரு முகாமும், கரைக்குக் கரை கடற்படையும் உள்ள ஒரு மாகாணத்துக்குள் இவ்வளவும் எப்படி வருகிறது என்று எமது மக்கள் பல வருடங்களாகக் கேட்கிறார்கள். மீட்கப்பட்ட கிலோக்களின் கணக்கே அதற்குப் பதிலாகக் கிடைக்கிறது.

மீட்கப்பட்டது பின் எங்கே போகிறது என்பது இன்னொரு கதை. நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டம் 1929 ஆம் ஆண்டுக்குரியது. அதன் கீழ் கஞ்சா தடை செய்யப்பட்டிருந்தாலும், பாரம்பரிய வைத்தியத்துக்குச் சட்டத்தில் ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்துகள் சிலவற்றில் கஞ்சா சுத்தி செய்து சேர்க்கப்படுகிறது. அந்த மருந்துகளுக்குத் தேவையான கஞ்சா எங்கிருந்து வந்தது? நீதிமன்றக் களஞ்சியத்திலிருந்து. வழக்கு முடிந்த சான்றுப்பொருளே மருந்துச் சரக்கானது. அது கைக்குக் கிடைக்கும்போது நான்கைந்து வருடப் பழசாகி வீரியம் இழந்திருக்கிறது என்று முன்னைய ஆட்சியொன்றின் சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

இது மிகைப்படுத்தல் அல்ல. சூடும் வெளிச்சமும் காற்றும் சேர்ந்தால் கஞ்சாவின் முக்கிய இரசாயனமான ரீ.எச்.சி. மெல்ல மெல்ல சி.பி.என். என்ற வேறொன்றாக மாறிவிடும். எமது நாட்டு வெக்கையில், சாக்குப் பைகளில், வருடக்கணக்கில் கிடந்த சரக்கில் எவ்வளவு மிஞ்சும்? பூஞ்சணம் எவ்வளவு இருக்கும்? ஸ்காபரோவில் ஒரு சாதாரண மனிதர் தன் பூவைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு, இங்கே நோயாளியின் வாய்க்குள் போகும் மருந்தைப் பற்றி அரசு கவலைப்படவில்லை.

ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாக இருந்தபோது, 2022 நவம்பர் வரவு செலவுத் திட்ட உரையில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய நிபுணர் குழு அமைக்கப்படும் என்றார். ஆட்சி மாறியது, திட்டம் மாறவில்லை. 2025 ஓகஸ்டில் 7 வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி வழங்கப்பட்ட செய்தி வெளியானது. இடம் மீரிகம முதலீட்டு வலயம், நிலம் 64 ஏக்கர். விளைவது ஏற்றுமதிக்கு மட்டும், உள்நாட்டுக்கு ஓர் இலைகூட வெளியே வராது என்பதையே அதிகாரிகள் திட்டத்தின் சிறப்பாகச் சொன்னார்கள்.

டொலர் தேவைப்படும் நாடு ஏற்றுமதிப் பயிர் தேடுவதை நான் குறை சொல்லவில்லை. அந்த வலயத்துக்குள் வெப்பமும் ஈரப்பதமும் அளந்து, ஆய்வுகூடத்தில் சோதித்து, தரமாக உலர்த்தப்போகிறார்கள். அது ஐரோப்பிய நோயாளிக்கு. மொனராகலைக் காட்டுச் சேனையில் செடி வைத்த சிங்களக் கமக்காரனுக்கு அதிரடிப்படையின் நெருப்பு. பொதி சுமந்த வடமராட்சி இளைஞனுக்குச் சிறை. உள்நாட்டு நோயாளிக்குக் களஞ்சியத்துத் தூசி. 64 ஏக்கரில் ஓர் ஏக்கரையாவது உள்நாட்டு வைத்தியத்துக்கு ஒதுக்கி, சோதித்த மருந்தாகக் கொடுக்க ஏன் முடியாது என்ற கேள்வியை எமது நாடாளுமன்ற உறுப்பினர்கள் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

கேட்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. வன்னியில் அவயவம் இழந்தவர்கள், உடலுக்குள் செல் துண்டுகளோடு வாழ்பவர்கள் எத்தனையோ பேர். இல்லாத காலில் எரிவும் குத்தும் வருவது அவர்களுக்கு அன்றாடம். நரம்பு வலிக்குக் கஞ்சா மருந்துகள் ஓரளவு உதவலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கமோ, ஆதாரம் போதாது என்று 2021 இல் அதை ஆதரிக்க மறுத்தது. ஆகவே இது அற்புத மருந்தல்ல. ஆனால் வைத்தியரும் நோயாளியும் சேர்ந்து முயன்று பார்க்கும் வாய்ப்பு கனடாவில் இருக்கிறது, கிளிநொச்சியில் இல்லை.

புலம்பெயர் உறவுகள் ஊருக்கு வரும் காலம் இது என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கனடாவில் கடையில் வாங்கிய எண்ணெய்ப் போத்தலோ இனிப்போ, வைத்தியரின் கடிதம் கையில் இருந்தாலும், கனடிய எல்லையைத் தாண்டுவதே அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். கட்டுநாயக்கவில் இறங்கினால் அது இங்கும் குற்றம். 2022 இல் தாய்லாந்து கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கிய பின், பாங்கொக்கிலிருந்து 'குஷ்' கொண்டுவந்து கட்டுநாயக்கவில் பிடிபட்டவர்கள் பலர். 2025 ஜூனில் தாய்லாந்தே மனம் மாறி, வைத்தியரின் சீட்டு வேண்டும் என்றாக்கிவிட்டது. மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் எமது சிறைகளில் இருக்கிறார்கள்.

நண்பர் அன்று அழைத்ததே இதைக் கேட்கத்தான். அவருடைய அண்ணை மாத்தளனில் செல் விழுந்து வலது காலை இழந்தவர். இரவில் அந்தக் கால் எரிகிறது என்று எழும்பி இருப்பார். மார்கழியில் வரும்போது ஒரு சின்னப் போத்தல் எண்ணெய் கொண்டு வரட்டோ என்று கேட்டார். வேண்டாம், கொண்டு வராதை என்றேன். அண்ணையின் மாதாந்தக் கிளினிக் அடுத்த செவ்வாய்க்கிழமை. கடந்த முறை நரம்பு வலிக்குரிய குளிசை கையிருப்பில் இல்லை என்று வெளியில் வாங்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவர் இன்னும் வாங்கவில்லை.