அசையாத விசைகள்

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிலாந்தின் சாமானியக் குடும்பங்களில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து உபயோகிக்கப்பட்ட சின்னஞ்சிறு கம்ப்யூட்டர்களை, அன்று சிறுவர்களாயிருந்து இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டவர்கள் பரண்களிலிருந்தும் ஏலக் கடைகளிலிருந்தும் தேடியெடுத்து, தூசி தட்டி, பழுது பார்த்து, மறுபடியும் மின்சாரம் கொடுத்துப் பரவசமடைகிறார்கள் என்று கேள்விப்படும்போது, நமக்கு முதலில் ஒரு புன்னகை அரும்புவது சகஜமே. அவற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமுள்ள யந்திரம் சட்டைப்பையில் கிடக்கும்போது இது என்ன பைத்தியம் என்று கேட்கலாம். அந்தப் பைத்தியத்தில் ஒரு பகுதி வெறும் பால்ய மோகம்தான். மற்றொரு பகுதியில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைப் பழமையை விற்கப் புறப்பட்ட வியாபாரிகள் எல்லோரும் உணரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

1982 ஏப்ரலில் கிளைவ் சின்க்ளேரின் கம்பெனி வெளியிட்ட இஸட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற யந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 16 கிலோபைட் நினைவகமுள்ளது 125 பவுண்டு. 48 கிலோபைட் உள்ளது 175 பவுண்டு. இன்று கைப்பேசியில் எடுக்கும் சாதாரணப் புகைப்படம் ஒன்றைக்கூட அதற்குள் அடக்க முடியாது. விசைகள் ரப்பரால் ஆனவை. திரையை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறங்கள் என்று நியமித்திருந்தபடியால், விளையாட்டில் ஓடுகிற உருவம் எதையாவது கடந்து போனால் ஒன்றின் நிறம் மற்றொன்றின்மேல் அப்பிக்கொள்ளும். ஒரு விளையாட்டை ஏற்றுவதற்குச் சாதாரண கேஸட் ரிகார்டரைப் பொருத்தி, அது எழுப்பும் கீச்சொலியைப் பொறுமையாகச் சில நிமிஷங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒலி அளவு சற்றுப் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இத்தனை குறைகளும் இருந்தும் அந்த யந்திரம் லட்சக்கணக்கில் விற்றது என்பது சரித்திரம்.

ஆனால் சுவிட்சைப் போட்டவுடன் அது என்ன செய்தது என்பதே கவனிக்கத்தக்க விஷயம். ஒன்றும் செய்யவில்லை. தயாரித்த கம்பெனியின் பெயரை ஒற்றை வரியில் காட்டிவிட்டு, எஜமானின் உத்தரவுக்காகக் காத்திருந்தது. விளம்பரம் இல்லை, கடவுச்சொல் இல்லை, நமக்கு எது பிடிக்கும் என்று நம்மையே முந்திக்கொண்டு சொல்லும் அதிகப்பிரசங்கித்தனமும் இல்லை. பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் என்று நம்பித் தகப்பனார்கள் வாங்கிக் கொடுத்த யந்திரத்தில் பிள்ளைகள் பெரும்பாலும் விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. எல்லோரும் புரோகிராம் எழுதினார்கள் என்று இப்போது சொல்லிக்கொள்வது ஞாபகத்தின் மிகைதான். எனினும், விளையாடுவதற்குக்கூட லோட் என்ற பேசிக் மொழிக் கட்டளையை விளையாடுகிறவனே தன் கையால் கொடுத்தாக வேண்டியிருந்தது. கட்டளை கொடுக்கலாம் என்று தெரிந்துகொண்ட சிறுவர்களில் சிலர் அடுத்த கட்டளையையும் முயன்று பார்த்தார்கள். 1983இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்ற மானிக் மைனர் என்ற விளையாட்டை எழுதிய மாத்யூ ஸ்மித், அப்போது இருபது வயதைக்கூட எட்டாதவர்.

அதே ஆண்டில் இயன் லோகன், ஃபிராங்க் ஓஹாரா என்ற இருவர் ஸ்பெக்ட்ரத்தின் 16 கிலோபைட் நிரந்தர நினைவகத்தில் அடங்கிய நிரல் முழுவதையும் பிரித்தெடுத்து, கட்டளை கட்டளையாக வியாக்கியானம் எழுதிப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். ஒரு யந்திரத்தின் அந்தரங்கம் முழுவதையும் ஒரு மனிதன், பிரயாசைப்பட்டால், தன் புத்திக்குள் அடக்கிவிட முடியும் என்ற நிலை அன்று இருந்தது. இன்றைய கைப்பேசியை உருவாக்கிய நிபுணர்களிலும் அதை முழுவதும் அறிந்தவர் ஒருவர் இருக்க முடியாது. ஐம்பது வயதுக்காரர்கள் ஏங்குவது இளமைக்காக என்று நாம் நினைக்கிறோம். பூரணமாக அறியக்கூடிய ஒரு பொருளுக்காகவும் அவர்கள் ஏங்குகிறார்கள்.

நம் நாட்டில் அத்தகைய யந்திரம் வீட்டுக்குள் வந்தது அபூர்வம். மத்திய அரசு 1984இல் கிளாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கி, இங்கிலாந்தின் ஏகான் கம்பெனி தயாரித்த பி.பி.சி. மைக்ரோவைச் சில பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. பாதரட்சைகளை வெளியே விட்டு, குளிர்சாதன அறைக்குள் ஏதோ சந்நிதிக்குள் நுழைவதுபோல் நுழைந்த தலைமுறைக்கு, யந்திரத்தைத் திறந்து பார்க்கும் சுதந்திரம் எங்கே வாய்த்தது? அதே பி.பி.சி. மைக்ரோவை வடிவமைத்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அடுத்தபடியாக உருவாக்கி 1985இல் இயங்கவைத்த ஆர்ம் செயலியின் சந்ததியே நம் சட்டைப்பைகளில் இருக்கிறது.

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். 1982இன் மற்றொரு பிரபல யந்திரமான காமடோர் 64இன் சிறு பிரதி ஒன்று 2018இல் விற்பனைக்கு வந்தது. பார்வைக்கு அசல் போலவே இருக்கும். உள்ளே அறுபத்துச் சொச்சம் விளையாட்டுகள். ஆனால் விசைப்பலகை வெறும் அலங்காரம், அழுத்தினால் ஒரு விசையும் அசையாது. எழுத விரும்புகிறவர் தனியாக ஒரு விசைப்பலகை வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும்! எந்த யந்திரத்தின் ஜீவன் அதன் விசைகளில் இருந்ததோ, அதன் பிரதியில் விசைகளைப் பொம்மையாக்கியது, என் மதிப்பில், பழமைக்குச் செய்த மரியாதையே அல்ல. அதை வெளியிட்ட கம்பெனியே மறு ஆண்டு, விசைகள் வேலை செய்யும் முழு அளவுப் பிரதியை வெளியிட்டது. அந்த மட்டில் திருப்தி.

ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட் என்ற புது யந்திரம் வேறு ரகம். அபிமானிகள் 2017இல் முன்பணம் திரட்டித் தொடங்கிய அந்த முயற்சிக்கு, அசல் ஸ்பெக்ட்ரத்தின் உருவத்தை அமைத்த ரிக் டிக்கின்சனே புதிய உருவத்தையும் அமைத்தார். 2018இல் அவர் காலமான பிறகு, 2020இல்தான் யந்திரம் வாங்கினவர்கள் கைக்கு வந்தது. பேசிக் மொழியைக் கற்பிக்கும் அச்சிட்ட கையேடு ஒன்றும் கூடவே வந்தது. பெட்டியைத் திறக்கலாம், மாற்றலாம், மேலும் பாகங்களைச் சேர்க்கலாம்.

இன்னொரு முயற்சி பழையதைப் பிரதி செய்வதோடு நிற்கவில்லை. கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் தொகையிலும் பயிற்சியிலும் குறைந்து வருவதைக் கண்ட எபன் அப்டனும் அவர் சகாக்களும், பி.பி.சி. மைக்ரோவின் காலத்தை நினைவில் கொண்டு 2012இல் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கம்ப்யூட்டரை வெளியிட்டார்கள். அன்று அதன் விலை 35 டாலர். பழமையின்மீதுள்ள பற்று எதிர்காலத்துக்கு உபயோகப்பட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆயினும் அதில் ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளம் லட்சோபலட்சம் வரிகள் கொண்டது. லோகனும் ஓஹாராவும் செய்ததைப்போல் அதற்கு ஒரே புத்தகத்தில் வியாக்கியானம் எழுத ஒருவராலும் இயலாது. அடிமட்டம் வரை இறங்கிப் பார்க்க விரும்புகிறவர் இன்னும் ஸ்பெக்ட்ரத்தின் செயலியான இஸட்80ஐத்தான் நாட வேண்டும். 1976இல் சந்தைக்கு வந்த அந்தச் சிப்பின் தனி விற்பனையை நிறுத்தப்போவதாக ஸைலாக் கம்பெனி 2024இல் அறிவித்தபோது ஆர்வலர்கள் வருந்தினார்கள். ஆனால் அதன் நடைமுறை முழுவதும் பல்லாண்டுகளாக அவர்களுக்குப் பாடமாகியிருந்தபடியால், மாற்றியமைக்கக்கூடிய வேறு சிப்புகளுக்குள் அதை எப்போதோ திரும்பப் படைத்து வைத்திருந்தார்கள்.