பேசாத பிள்ளை பேசினால்...

மறைமலை நகரில் எனக்குத் தெரிந்த தகப்பனார் ஒருவர். பையன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டதில் மனஸ்தாபம். நாலு வருஷம் பேச்சில்லை. ஒரு நடுநிசியில் தாம்பரத்திலிருந்து பையன் போன் செய்தான். "அப்பா, தூக்கமே வரலை. இருந்து என்ன பிரயோசனம்?"

"அன்றைக்கே சொன்னேனே, கேட்டாயா?" என்று இவர் ஆரம்பித்தார். போன் வைக்கப்பட்டுவிட்டது. நல்லவேளை, மருமகள் விழித்துக்கொண்டாள், பிழைத்தான்.

உங்களுக்கு அப்படிப் போன் வந்தால் பழைய கணக்கைப் பரணில் போடுங்கள். "செத்துவிடலாமென்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. சொல்லி அழ ஆள் கிடைத்த ஆறுதல்தான் உண்டாகும். ஆமென்றால் தனியே விடாதீர்கள். பக்கத்திலிருப்பவரைப் போகச் சொல்லிவிட்டு நீங்களும் கிளம்புங்கள். ஆபத்தென்றால் 108. யோசனை கேட்க 14416, டெலி மானஸ்; 2022-லிருந்து நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இன்னொரு சமாசாரம். வயது வந்த பிள்ளையின் வியாதியைப் பற்றி, அவன் சம்மதமில்லாமல் டாக்டர் பொதுவாக நம்மிடம் சொல்லமாட்டார். 2017-ஆம் வருஷச் சட்டம் அப்படி. தன் சார்பில் பேச அவன் யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். ஆமாம், அந்த மருமகளையேதான்! ஆனால் தூக்கம் கெட்டது எப்போது, மாத்திரையை நிறுத்தியது எப்போது என்று நாம் டாக்டரிடம் சொல்லத் தடையில்லை.

தகப்பனார் இப்போது ஞாயிறுதோறும் மின்சார ரயிலில் தாம்பரம் போகிறார். மருமகள் காபி கொடுக்கிறாளாம். கல்யாணப் பேச்சை மட்டும் இன்னும் யாரும் எடுக்கவில்லை.